ஹெல்மெட் ராசா

எம்.ரெட்டியபட்டி
11 ஆகஸ்ட் 2024

தம்பி நாகராஜுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இன்றைக்கு மனசில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஊரெல்லாம் உன் குரல்தான் கேட்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் ரெண்டாவது வார்த்தையிலேயே என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சின்னப் பிள்ளையில் அம்மாவின் விளக்குமாற்று அடிக்குத் தப்பித்ததும் அப்படித்தான். இந்தத் தடவை நான் சிரிக்கக் கூடாது. அருப்புக்கோட்டைக்கு விதை வாங்கப் போனபோது தபால் கவரும் வாங்கி வந்தேன்.

நேற்று எங்கள் தெரு சின்னச்சாமி மாமா தவறிப்போனார். கேத வீட்டுக்குப் போனேன். பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா குடித்துவிட்டு வந்து சோற்றுப் பானையை உடைத்ததைச் சொல்லி அவர் சம்சாரம் அழுதுகொண்டிருந்தது. நான் நடையில் கால் வைத்ததும் அழுகையை நிறுத்திவிட்டது. எனக்கு அடுத்த வீட்டுக்காரி மாரிக்கனி, தினமும் என்னோடு களையெடுக்க வருகிறவள், அவள் சொன்னாள்: "ஏத்தா, செல்வி வந்துட்டா. எல்லாரும் வாயை மூடுங்க. நாளைக்கு இதுவும் பாட்டா வந்துரும்."

யாரோ சிரித்தார்கள். கேத வீட்டில், பிணத்துக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

உன் மச்சான் போய் ரெண்டு வருசம் ஆகிறது. அவர் வண்டி வாங்கியபோது கூடவே ஹெல்மெட்டும் வாங்கினார். ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஒரு நாளும் தலையில் போட்டதில்லை. பந்தல்குடி ரோட்டில் விழுந்த அன்றும் அது ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பிரேதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைத்தான் சொல்லி அழுதேன். நீ அதைக் கிட்டார் வைத்துப் பாடி, நடுநடுவே ஜோக் சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

பொம்பளைக்கு மனசில் இருப்பதைச் சொல்ல வேறு எந்த இடம் இருக்கிறது? மாமியார் செய்த கொடுமை, புருசன் அடித்த அடி, எல்லாவற்றையும் அங்கேதான் ராகம் போட்டுச் சொல்வோம். யாரும் மறித்துப் பேச மாட்டார்கள். சொன்னதெல்லாம் தலைமுழுகியதோடு போய்விடும். மறுநாள் அதை எடுத்துப் பேசுகிறவளை ஊரில் மனுசியாகவே மதிக்க மாட்டார்கள். இது உனக்குத் தெரியாதா? நீயும் நரிக்குடிப் பக்கம் பிறந்தவன்தானே.

அந்தப் பாட்டை எடுத்துவிடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் அக்கா
செல்வலட்சுமி


சாலிகிராமம், சென்னை
25 ஆகஸ்ட் 2024

அன்பு அக்காவுக்கு,

தபால்காரர் வந்து நின்றதும் பயந்துவிட்டேன். எனக்குத் தபாலில் வருவதெல்லாம் டிராபிக் அபராதம்தான். கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் இதற்கு அபராதமே தேவலை என்று தோன்றியது.

கோபப்படாமல் கேள். பாட்டில் உன் பெயர் இருக்கிறதா? மச்சான் பெயர் இருக்கிறதா? மேடையில் "எங்க ஊர்ல ஒரு அண்ணன்" என்றுதான் சொல்கிறேன். ஊருக்குள் நாலு பேர் பேசுவதற்கு நான் என்ன செய்வேன்? மாரிக்கனி அக்கா வாய்க்குப் பூட்டு எந்தக் கடையில் விற்கிறது? அதோடு இது நல்ல விசயமும்தான். ஒரு போலீஸ் அதிகாரி என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார். "உங்க பாட்டைக் கேட்டு எத்தனையோ பேர் ஹெல்மெட் போடுறாங்க தம்பி" என்றார். மச்சான் உயிரோடு இருந்தால் அவரே சிரித்திருப்பார்.

நான் இங்கே எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். கடலைப் பற்றி எழுதினேன், மழையைப் பற்றி எழுதினேன், ஒரு நாய் கேட்கவில்லை. காபிக் கடையில் நான் பாட ஆரம்பித்தால் பில் கேட்பார்கள். கொஞ்சம் சிரிக்க வைத்தால் நடுவில் ஒரு பாட்டாவது கேட்பார்களே என்றுதான் காமெடிக்கே போனேன். இப்போதுதான் நான் வாயைத் திறந்தால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஷோ இருக்கிறது. அது மட்டும் முடியட்டும். எடுத்துவிடுகிறேன். அம்மா மேல் சத்தியம்.

உன் மாமியார் ஒச்சம்மா அத்தைக்கு ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன். படுத்த படுக்கையில் இருக்கிறவர்களுக்கு நல்ல கதகதப்பாக இருக்கும் என்று கடைக்காரன் சொன்னான். நம் ஊர் வெயிலைப் பற்றி அவனுக்கு நான் சொல்லவில்லை.

உன் தம்பி
நாகு


எம்.ரெட்டியபட்டி
20 அக்டோபர் 2024

நாகராஜுக்கு,

கோயம்புத்தூர் முடிந்து, மதுரையும் முடிந்துவிட்டதாம். மாரிக்கனி மகன் போனில் காட்டினான். நீ சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அதையேதான் பாடுகிறாய். அம்மா மேல் சத்தியம் என்று எழுதினாயே, செத்துப்போனவள் வந்து கேட்க மாட்டாள் என்ற தைரியமா? எரிகிற வீட்டில் பிடுங்கியவரை லாபம் என்பார்கள். அதை என் தம்பியே செய்வான் என்று நினைக்கவில்லை.

போர்வையைத் திருப்பி அனுப்பவில்லை. அத்தை அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறது. பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

நீ பாட்டெழுதுகிறவன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கு நான் அழுதது இது:

சந்தனம் வச்ச ஹெல்மெட்டு, என் ராசாவே,
சாமியாக்கி மாட்டி வச்சீக;
ஆணித் தலை நோகாம, என் ராசாவே,
அஞ்சு வருசம் காத்து வந்தீக;
சொந்தத் தலை மறந்துபோயி, என் ராசாவே,
தார் ரோட்டுல சாஞ்சீகளே.

முதல் நாலு வரியை அப்படியே எடுத்துக்கொண்டாய். கடைசி ரெண்டை வெட்டிவிட்டு, "சொட்டைத் தலை தெரியுதுன்னு சீப்பு வாங்கி வந்தீகளே" என்று போட்டிருக்கிறாய். அவருக்கு ஏதுடா சொட்டை? சுருட்டை முடி. சீப்பு உடையும். உன் பாட்டில் அவர் சாகவே இல்லை. அதனால்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், சொல்ல நாக்கு கூசுகிறது. அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது ஷேர் ஆட்டோவில். டிரைவர் சத்தமாகப் போட்டிருந்தான். ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் இருந்தவள் தொடையில் தட்டிச் சிரித்தேன். என் வார்த்தைகள் என்று தெரிந்தும் சிரிப்பு நிற்கவில்லை. இறங்கி வீட்டுக்கு வந்து அந்த ஆணியைப் பார்த்ததும்தான் நான் எதற்குச் சிரித்தேன் என்று உறைத்தது. அந்த அசிங்கம் என்னுடையது. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

ஆனால் இதைக் கேள். அத்தைக்கு இந்த வருசம் தாண்டாது. இருந்த ஒரு மகனும் போய்விட்டான், மகள் கிடையாது. போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "ஏத்தா செல்வி, நான் செத்தா நீதான் அழுகணும். ஊமை வீட்டுச் சாவு மாதிரி என்னய அனுப்பிராத. நான் ஒனக்குச் செஞ்ச கொடுமை கொஞ்சமா? அதையெல்லாம் சொல்லி, வைஞ்சாவது அழு. அப்பத்தான் எனக்குப் பாரம் குறையும்."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் எனக்கு வாய் வராது நாகு. நான் ஆரம்பித்தாலே சிரிப்பார்கள். நான் இருக்கிற இடத்தில் மற்றவர்களும் அழ மாட்டார்கள். அழ ஆளில்லாமல் ஒரு பொம்பளையைச் சுடுகாட்டுக்கு அனுப்பினால், அந்த வீட்டு மருமகள் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பாள்? அதற்கு முன்னால் அந்தப் பாட்டு ஒழிய வேண்டும்.

செல்வலட்சுமி


சாலிகிராமம்
17 நவம்பர் 2024

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் ஜோக் வந்துவிட்டது. ஜோக் இல்லாமல் எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தப் பாட்டை என்னால் எடுக்க முடியாது. போன ஆனியிலேயே பாட்டு வெளியிடுகிற ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் முதல் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. கோயம்புத்தூர் முடிந்ததும் எடுக்கிறேன் என்று சத்தியம் செய்தபோதே எனக்குத் தெரியும், அது என் கையில் இல்லை என்று. கடிதம் முடிய ஒரு நல்ல வார்த்தை வேண்டியிருந்தது, எழுதிவிட்டேன்.

எழுதிக் கொடுத்த பத்திரத்தில் "பாடல் வரிகள், இசை: நாகராஜ்" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். மச்சான் போன அன்றைக்கு நான் பந்தலில் ஆம்பளைகளோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையே வரவில்லை. சட்டைப் பையில் போனை ஆன் செய்து வைத்திருந்தேன். எங்கே போனாலும் அப்படித்தான், பஸ்ஸில் சண்டை வந்தாலும் பதிவு செய்வேன், பழக்கம். நீ அழுததைப் பிறகு கேட்டேன். இத்தனை வருசமாக நான் எழுதிய எதிலும் அது மாதிரி ஒரு வரி இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. பேட்டி எடுக்கிறவர்கள் "எப்படி சார் தோணுச்சு?" என்று கேட்பார்கள். "மொட்டை மாடியில உக்காந்திருந்தேன், தானா வந்துச்சு" என்பேன்.

போன சனிக்கிழமை ஒரு ஷோ. இனிமேல் அதைப் பாடுவதில்லை என்று முடிவு செய்துதான் போனேன். புதிதாக ஒன்று பாடினேன். யாரும் கேட்கவில்லை. "ஹெல்மெட்டு, ஹெல்மெட்டு" என்று கத்தினார்கள். பாடிவிட்டேன் அக்கா. சீப்பு வரி வரும்போது எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்காமல் பல் விளக்கினேன்.

பொங்கலுக்கு வந்து உன்னைப் பார்க்கட்டுமா?

நாகு


எம்.ரெட்டியபட்டி
8 டிசம்பர் 2024

நாகராஜுக்கு,

பொங்கலுக்கு வராதே.

அத்தை கஞ்சியைக் கூட வாயில் வாங்க மாட்டேன் என்கிறது. நான் மாரிக்கனி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று கேட்டேன். "மாரி, என்னய என்ன வேணாலும் சொல்லு. கெழவிக்கு மட்டும் வந்து அழுதுருங்க. ஒரு மாரடியும் இல்லாமப் போகக் கூடாது" என்றேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஓந்தம்பி வரக் கூடாது. அவன் போனும் கையுமாப் பந்தல்ல ஒக்காந்திருந்தா எவ வாயைத் திறப்பா? அவன் வரலைன்னா நாங்க வாரோம். நீயும் அழு. யாரும் சிரிக்காமப் பாத்துக்கிறேன்."

உன்னைப் போலச் சத்தியமெல்லாம் செய்யவில்லை அவள். ஆனால் சொன்னால் செய்வாள்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். சாவுச் செய்தி வந்தால் நீ கிளம்பாதே. பிறந்த வீட்டுக் கோடித் துணி வர வேண்டும், இல்லையென்றால் ஊர் பேசும். அதை ஐயாத்துரை சித்தப்பா கையில் கொடுத்துவிடு, அவர் போடட்டும். தம்பிக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இதுவரை உன்னிடம் கேட்டது எதுவும் நடக்கவில்லை. இதையாவது செய்.

அக்கா


சாலிகிராமம்
26 ஜனவரி 2025

அக்கா,

அத்தை கேதத்துக்கு வந்தபோது நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பஸ் ஏறும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது நியாயம்.

ஏன் வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஐயாத்துரை சித்தப்பா கையில் கோடியைக் கொடுத்துவிட்டேன். மதுரை மாட்டுத்தாவணியில் அவரைப் பஸ் ஏற்றிவிட்டுச் சென்னைக்குத் திரும்ப வேண்டியவன். ஒரே தம்பி, அக்கா மாமியார் கேதத்துக்கு வரவில்லை என்று உன்னை யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நானும் ஏறினேன். அது பொய். நான் அத்தைக்காக வரவில்லை. நீ என்னைப் பார்க்க வேண்டும், நான் வந்து நிற்பதைப் பார்த்து உன் மனசு இளக வேண்டும் என்று வந்தேன்.

தெரு முனையில் இறங்கும்போது ஒப்பாரிச் சத்தம் கேட்டது. உன் குரல் இல்லை, மாரிக்கனி அக்கா குரல். இன்னும் நாலைந்து பேர் கூடச் சேர்ந்தார்கள். நான் பந்தலுக்குள் வந்தேன். ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். சத்தம் நின்றுவிட்டது. விசில் நிற்கிற மாதிரி பட்டென்று இல்லை; ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியாக மாரிக்கனி அக்கா நிறுத்தினார். அதன் பிறகு தூக்குகிற வரைக்கும் அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரவில்லை. வெளியே கொட்டு மட்டும் அடித்தது.

போனை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி அணைத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். அதற்குள் பசங்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணே, ஒரே ஒரு செல்பிண்ணே" என்றான் ஒருவன். கேத வீட்டுப் பந்தலில். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் படம் இப்போது எல்லார் போனிலும் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன். யாரும் சொல்லாமலே பல்லைக் காட்டியிருக்கிறேன். என் தோளுக்குப் பின்னால் வாசல் தெரிகிறது. அதற்குள் நீ அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருக்கிறாய்.

அன்றிலிருந்து எந்த ஷோவும் ஒத்துக்கொள்ளவில்லை. இதைச் சொல்வதுகூட உன்னிடம் நல்ல பெயர் வாங்கத்தானோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

நாகராஜ்


எம்.ரெட்டியபட்டி
9 பிப்ரவரி 2025

தம்பி நாகுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். திட்டுவதற்கு எனக்கு இப்போது தெம்பில்லை.

அத்தையின் கருமாதி முடிந்தது. அன்றைக்கு மாரிக்கனி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னபடி வந்தேன் செல்வி, என்னால முடியல" என்று சொன்னாள். அவள் அழுததைப் பார்த்து எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஒரு கிழவி கடைசியாகக் கேட்ட ஒரே விசயம் அது. வாசலில் நின்று கெஞ்சியும் என்னால் கொடுக்க முடியவில்லை.

சரி, ஊருக்கு முன்னால்தான் முடியவில்லை, தனியாகவாவது அழுதுவிடுவோம் என்று நேற்றுப் பருத்திக் காட்டுக்குப் போனேன். கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை. வரப்பில் உட்கார்ந்து, அத்தை சொன்ன மாதிரியே வைது அழ ஆரம்பித்தேன். கல்யாணமான புதிதில் என்னைப் பட்டினி போட்டது, உன் மச்சானிடம் கோள் சொல்லி அடி வாங்கிக் கொடுத்தது, பிறகு அவர் போன அன்று தாலியில்லாத தன் வெறுங்கழுத்தைத் தொட்டுக்காட்டி "நான் இருக்கேன்டி ஒனக்கு" என்று சொன்னது. வார்த்தை எல்லாம் வந்தது. ஒன்று விடாமல் வந்தது.

ராகம்தான் வரவில்லை. வாயைத் திறந்தால் உன் கிட்டார் மெட்டு வருகிறது. "என் அத்தையே" என்று இழுத்தால் அது "ஹெல்மெட் ராசா" மாதிரி துள்ளுகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மாரிக்கனி அழுவதை நினைத்துப் பார்த்தேன், அம்மா அழுததை நினைத்துப் பார்த்தேன். எதை நினைத்தாலும் ரெண்டாவது வரியில் உன் மெட்டுக்குள் போய் விழுகிறேன். அந்த மெட்டிலேயே அத்தைக்கு அழுவதா? அதற்கு அழாமலே இருக்கலாம்.

நாகு, பாட்டை நீ எடுக்க வேண்டாம். இனி எடுத்தும் பிரயோசனம் இல்லை. செல்பியைப் பற்றியும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு உன் மச்சானுக்கு நான் அழுததை நீ போனில் பிடித்து வைத்தாய் அல்லவா, அது எனக்கு வேண்டும். கிட்டார் இல்லாமல், கைதட்டு இல்லாமல், நான் அழுதது. ஒரு தடவை கேட்டால் போதும், எனக்கு ராகம் பிடித்துவிடும். அதை அனுப்பு. அத்தைக்கு நான் பட்ட கடனை அடைத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கிறேன்.

மாரிக்கனி மகன் போனுக்கு அனுப்பாதே. என் போனுக்கே அனுப்பு.

உன் அக்கா
செல்வி


சாலிகிராமம்
16 பிப்ரவரி 2025

அக்கா,

அது இல்லை.

அழித்துவிட்டேன். கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்ட அன்று சாயந்திரம். வரிகள் என்னுடையவை இல்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால் ஆதாரமாக எதுவும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். போனில் அழித்தேன். கம்ப்யூட்டரில் ஒன்று இருந்தது, அதையும் அழித்தேன். மீட்டெடுக்க முடியுமா என்று இங்கே ரெண்டு கடையில் கொடுத்துப் பார்த்தேன். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து நீ அழுத ராகத்தை நானே பாடிப் பார்க்கிறேன். பாடி அனுப்பலாம் என்றுதான். எனக்கும் என் மெட்டுதான் வருகிறது.

இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நாகராஜ்